சபையில் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு: பணிவிடை செய்யும் தலைமைக்கு ஒரு முழு வழிகாட்டி

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று வந்தால் எத்தனை வகைச் சபைகள்! நூறு வருஷம் தாண்டிய ஆலயங்கள், கத்தோலிக்கப் பங்குகள், மொட்டை மாடியில் தகரம் போட்டு நடக்கிற பெந்தெகொஸ்தே கூட்டங்கள், வீட்டு முன்னறையில் பத்துப் பதினைந்து பேர் கூடும் ஜெபக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் மூப்பர், செயலர், பொருளாளர், அன்பியப் (தெரு அளவிலான சிறு ஜெபக் குழு) பொறுப்பாளர், வாலிபர் தலைவர், ஞாயிறு பள்ளி டீச்சர். இந்த வழிகாட்டி அவர்களுக்காக. அதிலும் முக்கியமாக, இப்போதுதான் பொறுப்புக்கு வந்திருக்கிறவர்களுக்கும், வரச்சொல்லிக் கூப்பிடப்பட்டிருக்கிறவர்களுக்கும். பாஸ்டர்கள், ஆயர்கள் படித்தாலும் பொருந்தும்.

சபைத் தலைமைக்கு வேதத்தில் பல பகுதிகள் உண்டு. நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்: 1 பேதுரு 5:2-3. தேவனுடைய மந்தையைக் கட்டாயமாய் அல்ல, மனப்பூர்வமாய் மேய்க்கவேண்டும். ஆதாயத்துக்காக அல்ல, உற்சாக மனதோடு. இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாக. மூன்று 'அல்ல' இருக்கிறது பாருங்கள். சபையில் தலைமை கெட்டுப்போகிற மூன்று வழிகளும் அதிலேயே அடங்கிவிட்டன.

தாழ்மை இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெதுவாகப் பேசுவது, கைகூப்புவது, "நான் ஒன்றுமில்லை பிரதர், எல்லாம் அவர் கிருபை" என்பது, இதெல்லாம் யாருக்கும் வந்துவிடும். என் அளவு ஒன்றே ஒன்றுதான். சபையில் ரொம்பச் சாதாரணமான ஒருவர், பெருக்குகிற அக்காவோ, புதிதாக வந்த தம்பியோ, உங்களிடம் வந்து பயப்படாமல் "ஏன் அண்ணா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்க முடிகிறதா? முடிந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். முடியவில்லை என்றால், உங்கள் மனசுக்குள் எவ்வளவு தாழ்மை இருந்தாலும் அது சபைக்கு எட்டவில்லை. கீழே சொல்லியிருக்கிற ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு வழி திறந்து வைப்பதற்குத்தான்.

முதல் படி: ஒத்துக்கொள்வதற்கு முன்னால்

"அண்ணன் வேண்டாம்னு சொல்லாதீங்க" என்று நாலு பேர் கூப்பிட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் டைம் கேளுங்கள். அந்த வாரத்தில் மூன்று விஷயங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, வீட்டில் கேளுங்கள். 1 தீமோத்தேயு 3:5 சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று கேட்கிறது. அதைப் பிள்ளைகளை அடக்கி வைப்பது என்று மட்டும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மனைவியிடமோ கணவரிடமோ "இதற்கு எனக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்பதும் அதில் சேர்ந்ததுதான். மணலி பக்கம் ஷிப்ட் வேலை, துறைமுகத்தில் லாரி, பாரிமுனையில் கடை என்று இருக்கிற ஆளுக்கு வாரத்தில் மிஞ்சுகிற நேரம் எவ்வளவு என்பது வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இரண்டு, என்ன வேலை, எத்தனை வருஷம், யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காலவரை இல்லாத பொறுப்பு கொஞ்ச நாளில் பட்டாவாகிவிடும்.

மூன்று, உங்களுக்கு ஏன் ஆசை வருகிறது என்று நேர்மையாகப் பாருங்கள். ஆசை வருவது தப்பில்லை. கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று அதே அதிகாரம் சொல்கிறது. ஆனால் மேடையில் நாற்காலி, நோட்டீஸில் பேர், கல்யாணப் பத்திரிகையில் பட்டம், இவை போனாலும் அந்த ஆசை இருக்குமா? இருந்தால் தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் நடக்கிற சபை என்றால் இதையும் சொல்லியாக வேண்டும். சாதி பார்த்து ஓட்டுச் சேர்ப்பது, செலவு செய்து ஆள் பிடிப்பது, பிரியாணி போடுவது எல்லாம் தமிழ்நாட்டுச் சபைகளில் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அப்படி வருகிறவர் போட்ட காசை எடுக்கப் பார்ப்பார், இல்லையென்றால் ஓட்டுப் போட்டவர்களுக்குக் கடன்பட்டவராகவே இருப்பார். அந்த வழியில் போய்ப் பணிவிடை செய்ய முடியாது. தோற்றாலும் பரவாயில்லை என்று நிற்க முடிந்தால் நில்லுங்கள்.

இப்படியெல்லாம் யோசித்த பிறகு "இப்போது முடியாது ஐயா, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்வதும் மரியாதையான பதில்தான். கட்டாயத்தில் வந்தவர் சிடுசிடுவென்று இருப்பார், அந்தச் சிடுசிடுப்பு முழுச் சபை மேலும் விழும்.

இரண்டாம் படி: முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள்

புதிதாக வந்தவர்களுக்கு இது கஷ்டம். கண்ணில் படுவதையெல்லாம் சரிசெய்யத் தோன்றும். பொறுங்கள். முதலில், இந்தச் சபை யாருடைய உழைப்பில் நடக்கிறது என்று பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் போய் நின்றால் தெரியும். ஒரு அம்மா பாயை உதறி விரிப்பார். யாரோ ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஈரத்துணியால் துடைப்பார். மாதத்தின் முதல் வாரமென்றால் திருவிருந்துக் கிண்ணங்கள் வெளியே வரும். கட்டைவிரல் அளவு கிண்ணம், விரல் உள்ளே போகாது. போன மாதத்துத் திராட்சரசம் அடியில் கறையாக ஒட்டியிருக்கும். வெந்நீரில் போட்டு, துணியைச் சுருட்டி உள்ளே விட்டுத் திருப்பி, கவிழ்த்து வைத்து, காய்ந்தபிறகு தட்டில் அடுக்க வேண்டும். நூறு பேர் சபைக்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேர வேலை. அதைச் செய்கிறவர் பேர் எந்த அறிக்கையிலும் வராது. அடுத்த நாள் மேடையிலிருந்து அந்தத் தட்டை எடுத்துக் கொடுக்கப் போவது நீங்கள்.

அந்த மாதிரி மைக் இல்லாத வேலை ஒன்றை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். பதவி இருக்கிறவரைக்கும் விடாமல் செய்யுங்கள். இரண்டு எச்சரிக்கை மட்டும். ஏற்கெனவே சந்தோஷமாகச் செய்கிறவரிடமிருந்து அதைப் பிடுங்காதீர்கள். கூட நின்று செய்யுங்கள். அப்புறம், அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

பெரிய வியாழனன்று கத்தோலிக்கப் பங்குகளில் குருவானவர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுகிறார். 2013-இல் போப் பிரான்சிஸ் அந்தச் சடங்கை பேராலயத்தில் நடத்தாமல், ரோமில் இளம் கைதிகள் இருந்த சிறைக்குப் போய் நடத்தினார். கழுவப்பட்டவர்களில் பெண்களும் இஸ்லாமியர்களும் இருந்தார்கள். புழல் சிறை நம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போய் ஊழியம் செய்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகப் புரியும். ஆனால் சடங்கை விடவும் யோவான் 13-இல் என் மனசைத் தொடுவது வேறொன்று. இயேசு குனிந்து கழுவ வரும்போது பேதுரு தடுக்கிறார்: நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது! ஆண்டவர் அவர் வாயை அடக்கவில்லை, நின்று பதில் சொல்கிறார். பணிவிடை செய்யும்போது கூட எதிர்ப்பேச்சுக்கு இடம் இருந்தது. பிற்காலத்தில் இறுமாப்பாய் ஆளாதீர்கள் என்று எழுதியது அதே பேதுருதான்.

மூன்றாம் படி: யாருடைய கடிகாரப்படி சபை நடக்கிறது?

காசிமேட்டில் மீன் வியாபாரம் உச்சத்தில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில். ஊரே அங்கே மீன் வாங்க வரும் நேரத்தில் நம் சபை மணி அடிக்கிறது. கூடையில் மீன் வைத்து விற்கிற அக்காவால் எட்டு மணி ஆராதனைக்கு வர முடியாது. வரவில்லை என்றதும் "விசுவாசத்தில் குளிர்ந்துபோய்விட்டார்கள்" என்று எழுதிவிடுகிறோம். இது அநியாயம்.

கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஞாயிறு லீவு கிடைக்கிற உத்தியோகக்காரர்கள். அதனால் நேரமெல்லாம் அவர்களுக்கு வசதியாகவே அமைந்துவிடுகிறது. நீங்கள் பொறுப்புக்கு வந்ததும் வராதவர்களின் பட்டியலை எடுத்து, ஏன் வரவில்லை என்று போய்க் கேளுங்கள். ஷிப்டா, வியாபாரமா, தண்ணீர் லாரி வருகிற நேரமா, படுத்த படுக்கையாக யாராவது வீட்டில் இருக்கிறார்களா? பிறகு சாயங்காலம் ஒரு ஆராதனை வைக்க முடியுமா, திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீனவக் குடும்பங்கள் சபைக்கு வர அப்போது நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. அந்தச் சமயத்தில் கட்டட நிதி, சிறப்புக் காணிக்கை என்று கவர் கொடுத்தால் அவர்கள் வெட்கப்பட்டுச் சபைக்கே வராமல் போவார்கள். பள்ளிக் கட்டணம் கட்டவேண்டியதும் ஜூனில்தான். கவர் கொடுக்கிறதைத் தள்ளிப்போடுங்கள், முடிந்தால் அந்த மாதங்களில் சபையிலிருந்து அவர்களுக்குப் போகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள்.

நான்காம் படி: வீடு சந்திப்பு

மேடையில் பேசி யாரும் மேய்ப்பராக ஆனதில்லை. வீட்டுக்குப் போகவேண்டும். எப்படிப் போவது என்பதில்தான் விஷயம்.

நாலைந்து பேராகப் போகாதீர்கள். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஹவுசிங் போர்டு வீடு ஒன்றுக்குள் அத்தனை பேர் நுழைந்தால், வீட்டுக்காரர்கள் வெளியே நிற்கவேண்டியதுதான். இரண்டு பேர் போதும். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஒரு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் போகாதீர்கள்.

உள்ளே போனதும் அந்த வீட்டின் ஒரே நாற்காலியைத் துடைத்து உங்களுக்குப் போடுவார்கள். "இருக்கட்டும்மா, நான் கீழேயே உட்கார்ந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு தரையில் உட்காருங்கள். உடனே ஒரு பையனை அனுப்பிக் கூல்டிரிங்க்ஸ் வாங்கிவரச் சொல்வார்கள். அங்கே தடுக்கலாம்: "ஜூஸெல்லாம் வேணாம்பா, ஒரு வாய் டீ போடுங்க, குடிச்சிட்டுப் போறேன்." ஆனால் எதுவுமே வேண்டாம் என்று மட்டும் எழுந்துவிடாதீர்கள். நம் ஊரில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பதில்லை என்கிற கணக்கு எல்லோருக்கும் தெரியும். நீங்கள் வேறு காரணத்துக்காக மறுத்தாலும் அந்த வீட்டுக்கு அது வேறு மாதிரிதான் கேட்கும். குடியுங்கள். தம்ளரைக் கையில் வாங்கிக் குடியுங்கள்.

கேட்டதைவிட அதிகம் பேசாதீர்கள். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். ஜெபத்துக்குள் புத்தி சொல்கிற பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு: "ஆண்டவரே, இந்தச் சகோதரனின் குடியை மாற்றும்" என்று அக்கம்பக்கம் கேட்கிற குரலில் ஜெபிப்பது. அவர் பிள்ளைகள் முன்னால் அவரைத் தலைகுனிய வைப்பதுதான் அதன் பலன்.

இந்தப் படியில் எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: அங்கே கேட்ட விஷயம் அங்கேயே இருக்கவேண்டும். அடுத்த புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் கடன், ஒரு பெண்ணின் கல்யாண முறிவு, ஒரு பையனின் கேஸ் எல்லாம் வாட்ஸ்அப் வரைக்கும் போய்விடுகிறது. ஒரு தடவை இது நடந்தால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்கும், மனசு திறக்காது. சொல்லலாமா என்று அவர்களையே கேளுங்கள். எதைச் சொல்லலாம் என்பதையும் அவர்களே முடிவுசெய்யட்டும்.

ஆஸ்பத்திரிச் சந்திப்பு தனி. ஸ்டான்லியில் ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தால், பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டுப் போவதால் அந்தக் குடும்பத்துக்குப் பாரம் குறையாது. ராத்திரி துணைக்கு யார் இருப்பார்கள்? துணைக்கு இருக்கிறவருக்குச் சாப்பாடு? வீட்டில் இருக்கிற பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? ஒரு ராத்திரி நீங்கள் வராந்தாவில் படுத்துக்கொண்டு அவர் மகனைத் தூங்க வீட்டுக்கு அனுப்பினால், அதுவே பெரிய ஊழியம்.

சாவு வீட்டிலும் அப்படியே. எந்தக் கல்லறையில் நம் சபையாருக்கு இடம் கிடைக்கும், காசிமேடா வேறெங்காவதா, யாரைப் பார்க்கவேண்டும், சபையிலிருந்து என்ன கடிதம், டாக்டரிடமிருந்து என்ன சான்று, செலவு எவ்வளவு என்பதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் நின்று போன் நம்பர் தேடக்கூடாது.

ஐந்தாம் படி: பணம்

இதில் நான் கறாராகவே சொல்கிறேன், ஏனென்றால் சபைகள் அதிகம் உடைவது இங்கேதான்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கையை அங்கேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் எண்ணுங்கள். எண்ணுகிறவர்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக்கூடாது. மேஜையில் கொட்டி, முதலில் நோட்டுகளைப் பிரித்து அடுக்குங்கள். மடித்து மடித்துச் சின்னதாக்கிய பத்து ரூபாய்கள் நிறைய இருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்து நீவி வைக்கவேண்டும். எந்த நோட்டு எத்தனை, நாணயம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சீட்டின் நகல் ஒன்று பொருளாளரிடம், ஒன்று செயலரிடம். திங்கட்கிழமை பேங்கில் கட்டிவிடுங்கள். "இந்த வாரம் அவசரம், கையிலிருந்தே செலவு பண்ணிட்டேன், அப்புறம் கணக்கு எழுதிக்கலாம்" என்பதற்கு இடமே வேண்டாம். செலவு தனி, வரவு தனி.

இப்போது கியூஆர் கோடு வந்துவிட்டது. அது சபையின் வங்கிக் கணக்குக்குத்தான் போகவேண்டும். பாஸ்டரின் சொந்த நம்பர், பொருளாளரின் மனைவி நம்பர் என்று ஒட்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பணம் கெட்டுப்போகாவிட்டாலும் பேர் கெட்டுப்போகும். மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். சங்கமாகப் பதிவுசெய்த சபை என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடாந்தரப் பொதுக்குழுவும் தணிக்கை செய்த கணக்கும் எப்படியும் வேண்டும். அதைத் தொல்லையாக நினைக்காமல் சபையார் கேள்வி கேட்கிற நாளாக்குங்கள்.

"ஐயா மேல எங்களுக்கு நம்பிக்கை இருக்கு, கணக்கெல்லாம் எதுக்கு?" என்று அன்பாகச் சொல்வார்கள். அவர்களுக்கு வேப்பேரியில் வாழ்ந்த ஃபப்ரீஷியஸ் கதையைச் சொல்லுங்கள். 1742-இல் சென்னைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி. வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர், ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியவர், 1779-இல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். எளிமையாக வாழ்ந்தவர். அப்படிப்பட்டவர் தம் பொறுப்பிலிருந்த பணத்தை நம்பிக் கடன் கொடுத்து, அது திரும்பாமல், முதுமையில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-இல் இறந்தார். அவர் திருடவில்லை. ஆனால் நல்ல மனசு கணக்குப் புத்தகத்துக்குப் பதிலாகாது. தனி ஆளின் கையில் பணத்தை விட்டுவைப்பது அந்த ஆளுக்குச் செய்கிற துரோகமும்கூட. எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை கொண்டுபோன பவுல்கூடத் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சொல்லாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமில்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க நாடுகிறோம் என்று எழுதி, கூடவே ஆட்களையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21).

ஏழைகள் நிதியிலிருந்து கொடுக்கும்போது மட்டும் வாங்கினவர் பேரை ஒட்டாதீர்கள். தொகை வெளியே தெரியட்டும், பேர் மூன்று பேருக்குள் இருக்கட்டும். மேடையில் நிற்கவைத்து அரிசி மூட்டை கொடுத்துப் போட்டோ எடுக்கிற பழக்கத்தை உங்கள் காலத்தோடு நிறுத்துங்கள்.

ஆறாம் படி: கூட்டமும் முடிவும்

கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் தலைமை என்றால் கடைசியில் பேசுங்கள். முதலில் நீங்கள் பேசினால் மற்றவர்கள் "ஐயா சொன்னதுதான் சரி" என்று முடித்துவிடுவார்கள். வயதில் சின்னவர்கள், பெண்கள், புதியவர்கள், இந்த வரிசையில் கேட்டுக்கொண்டு வாருங்கள். பெண்களை டீ போடச் சொல்லிவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

உட்காருகிற இடத்தையும் பாருங்கள். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தைக்காரனுக்குப் பாதபடியண்டையில் இடம் என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரம் எழுதியிருப்பது நம் ஆண்டுவிழாக்களைப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கிறது. கவுன்சிலர் வந்தால், பெரிய நன்கொடையாளர் வந்தால், முன்வரிசையில் இருந்த பாட்டியை எழுப்பிவிட்டுச் சோபா போடுகிறோம். போடாதீர்கள். வந்தவர் தப்பாக நினைக்கமாட்டார். நினைத்தாலும் பாட்டி அங்கேயே இருக்கட்டும்.

யாருக்கு அதிகாரத்தைக் கொடுப்பது என்பதற்கு அப்போஸ்தலர் 6 நல்ல பாடம். பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசுகிறவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் சமாதானம் சொல்லி அனுப்பவில்லை, சபையையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வட சென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்யும் வந்து படகையும் வலையையும் நாசமாக்கியது. அந்த மாதிரிச் சமயத்தில் நிவாரணப் பட்டியலை யார் எழுதுகிறார் என்பதே எல்லாம். மாடி வீட்டிலிருக்கிற கமிட்டிக்காரர் எழுதினால் அவருக்குத் தெரிந்தவர்கள் வருவார்கள். தண்ணீர் புகுந்த தெருவிலிருக்கிற இரண்டு பெண்களிடம் நோட்டையும் பேனாவையும் கொடுங்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் வாடகைக்கு இரண்டாவது குடும்பம், எந்த வீட்டில் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று அவர்களுக்கு மனப்பாடம். சபையாரில்லாத வீடுகளும் அந்தப் பட்டியலில் வரும், வரட்டும். நீங்கள் மூட்டை தூக்குங்கள்.

ஏழாம் படி: உங்களைக் கேள்வி கேட்கும்போது

முதலில் சொன்ன அளவு இங்கேதான் சோதிக்கப்படும். யாராவது ஒருநாள் எழுந்து கேட்பார்கள். சில நேரம் மரியாதையில்லாமலும் கேட்பார்கள். அப்போது செய்யக்கூடாதவை: அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் குத்திப் பேசுவது, அவர் பாட்டு, வாசிப்பு வாய்ப்பைக் குறைப்பது, ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவது.

இன்னொரு ஆயுதம் இருக்கிறது. "கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே" என்று வாயடைப்பது. தாவீது தன்னைத் துரத்திய ராஜா சவுலைப் பற்றிச் சொன்னதுதானே என்பார்கள். 1 சாமுவேல் 24-ஐ முழுசாக வாசியுங்கள். தாவீது சவுலைக் கொல்ல மறுத்தார். அதே அதிகாரத்தில் குகையைவிட்டு வெளியே வந்து, சவுலை அழைத்து, எல்லோர் முன்னாலும், ஏன் என்னைத் துரத்துகிறீர், நான் என்ன தப்பு செய்தேன் என்று நேருக்கு நேர் கேட்டார். கேள்வி கேட்பது தொடுவது ஆகாது. அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). பிறகு பேதுரு தம் நிருபத்தில் அவரை நமக்குப் பிரியமான சகோதரன் என்று எழுதுகிறார் (2 பேதுரு 3:15). கேள்விக்குப் பிறகும் உறவு இருந்தது.

செய்யவேண்டியது எளிது. "நல்லது, சொன்னீங்களே. எனக்கு ஒரு வாரம் கொடுங்க, பார்த்துட்டுப் பதில் சொல்றேன்" என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பதிலோடு நீங்களே தேடிப் போங்கள். அவர் சொன்னது சரி என்றால், அவர் எந்த இடத்தில் கேட்டாரோ அதே இடத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். சகோதரர்களுக்குள் பிணக்கு என்றால் மத்தேயு 18:15-17 வரிசையை விடாதீர்கள்: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதற்கப்புறம்தான் சபை.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்கிறேன். ஞாயிறு பள்ளியிலோ, விடுமுறை வேதாகமப் பள்ளியிலோ, வாலிபர் முகாமிலோ ஒரு குழந்தை தனக்குப் பாலியல் தொந்தரவு நடந்ததாகச் சொன்னால், "சபைக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம். போலீஸுக்குச் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-இல் கூப்பிடுங்கள், குழந்தையை நம்புங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் உடனே பிள்ளைகளிடமிருந்து விலக்கி வையுங்கள். சபையின் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று சிறுவர்களைப் பலிகொடுக்கிறவர் மேய்ப்பர் அல்ல.

எட்டாம் படி: தனியாகச் சுமக்காதீர்கள்

யாத்திராகமம் 18-இல் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஆளாக நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ, நீர் செய்கிறது நல்லதல்ல என்றார். எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்பது தியாகம் போலத் தெரியும். கொஞ்ச நாளில் எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கவேண்டும் என்றாகிவிடும். சாவியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு சின்னவரை நிறுத்துங்கள். அவர் செய்கிறது உங்கள் மாதிரி இருக்காது, பரவாயில்லை. வாரத்தில் ஒருநாள் போனை வீட்டில் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு இருங்கள்.

ஒன்பதாம் படி: இறங்குவது

சாமுவேல் வயதான பிறகு ஜனங்கள் முன்னால் நின்று கேட்டார்: நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாருக்கு அநியாயம் செய்தேன், சாட்சி சொல்லுங்கள் (1 சாமுவேல் 12:3). உங்கள் கடைசிப் பொதுக்குழுவில் இதே கேள்வியை உங்கள் வார்த்தையில் கேளுங்கள். யாராவது கை தூக்கினால் உட்கார்ந்து கேளுங்கள்.

காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே ஒப்படைக்கிற வேலையைத் தொடங்குங்கள். சாவிகள், பத்திர நகல்கள், தீர்மானப் புத்தகம், கணக்கு, இபி கார்டு, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமை, மின்னஞ்சல் பாஸ்வேர்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதி, புதியவரும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். பேங்கில் கையெழுத்து மாற்றத்துக்குத் தீர்மான நகலும் புதியவர்களின் அடையாள ஆவணங்களும் கேட்பார்கள்; இழுத்துக்கொண்டே போகும், முதலில் அதை முடியுங்கள். வீடு சந்திப்புப் பட்டியலைத் தாளாக மட்டும் கொடுத்துவிடாமல், படுக்கையிலிருக்கிறவர்கள் வீட்டுக்குப் புதியவரை நீங்களே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவையுங்கள்.

அப்புறம் கொஞ்ச மாதம் கமிட்டி விஷயத்தில் கருத்துச் சொல்லாதீர்கள். பழைய பழக்கத்தில் யாராவது உங்களிடமே வந்து "அண்ணா, இதை எப்படிப் பண்ணலாம்?" என்று கேட்பார்கள். "புதுச் செயலர்கிட்ட கேளுங்க" என்று அனுப்பிவையுங்கள். செயலரே வந்து கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் கேட்டதற்கு மட்டும். நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த மைக் இல்லாத வேலையை விடவேண்டியதில்லை. சனிக்கிழமை கிண்ணம் கழுவ எப்போதும் ஒரு ஆள் குறைவாகவே இருக்கும்.